12 என்று எழுதிய பலகை

மும்பை சயான் ஸ்டேஷனில் எனக்கு ஒரு தூண் உண்டு. சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போகிற ஸ்லோ வண்டியின் பிளாட்பாரத்தில், பாபா பங்காலி என்ற மாந்திரீகரின் நோட்டீஸ் பாதி கிழிந்து தொங்கும் தூண். அதிலிருந்து வலப்பக்கம் இரண்டரை எட்டு தள்ளி நின்றால் லேடீஸ் டப்பாவின், அதாவது பெண்கள் பெட்டியின், வாசல் என் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். 11 வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். எனக்கு இடப்பக்கம் ஒரு நர்ஸ். அவருக்கு முன்னால் வங்கியில் வேலை பார்க்கும் மராத்தி அக்கா. யார் பெயரும் யாருக்கும் தெரியாது. யார் எங்கே நிற்பார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவள் ஒரு முழம் தள்ளி நின்றால் அன்று அவளுக்கு வண்டி இல்லை. வாசல் வந்து நிற்கும், நாங்கள் ஏறியிருப்போம், அவள் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மேலே தொங்கும் கோடு போட்ட பலகை, லேடீஸ் டப்பா இங்கே வரும் என்று காட்டும். ஆனால் அது டப்பாவைத்தான் காட்டும், வாசலைக் காட்டாது. வாசல் நம் கணக்கு. நோட்டீஸ் ஒட்டிய தூண், தண்ணீர்க் குழாய், தரையில் உடைந்த ஓடு என்று மும்பைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் இருக்கும். 250 மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டி, ஆயிரக்கணக்கான ஆட்களோடு பாய்ந்து வந்து, தினமும் அந்த உடைந்த ஓட்டுக்கு நேரே எப்படி நிற்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது மாதிரி. சரி, தாராவியில் இருந்துகொண்டு அந்த உதாரணத்தை நான் சொல்லக்கூடாது.

யோசிக்க வைத்தது ஒரு மழை நாள். ஊர்ப்பெயர் வேண்டாம், வேறொரு ஸ்டேஷன், சாயங்காலம். அங்கேயும் எனக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தேன். வண்டி வந்தது, எங்களைக் கடந்தது, கடந்துகொண்டே இருந்தது. லேடீஸ் டப்பா ஒன்றரை டப்பா நீளத்துக்கு அப்பால் போய் நின்றது. என் முன்னால் நின்றது லக்கேஜ் டப்பா. ஒரு நொடி யாருமே அசையவில்லை. அப்புறம் மொத்தப் பிளாட்பாரமும் ஒரே பக்கம் ஓட ஆரம்பித்தது. ஈரத் தரை. முழங்கால் பெஞ்சில் இடித்து, வலது செருப்பு எங்கோ போய், நான் கடைசியில் அந்த லக்கேஜ் டப்பாவிலேயே ஏறினேன். மீன் கூடைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி, வண்டியை ஓட்டிய, முகம் தெரியாத அந்த மோட்டர்மேனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தமிழில்தான். மீன்காரம்மா ஒருத்தி எனக்கு ஆறுதலாகத் தலையசைத்தார். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது.

ராத்திரி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் மோட்டர்மேன் மாமா உட்கார்ந்திருந்தார். எங்கள் சாலில் (வரிசை வீடுகளில்) அவருக்கு அதுதான் பெயர். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ரயில்வேயில் உதவியாளாகச் சேர்ந்து, சரக்கு வண்டி ஓட்டி, பிறகு மோட்டர்மேன் ஆகி, 2016-இல் ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். முழங்காலைக் காட்டினேன். அவர் முழங்காலைப் பார்க்கவே இல்லை.

“எத்தனை டப்பா தாண்டிச்சு?”

“ஒண்ணரை இருக்கும் மாமா.”

“நல்ல மழையா, தூத்தலா?”

“தூத்தல்தான். அப்பத்தான் ஆரம்பிச்சுது.”

“அதான்” என்றார், டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பது போல. “கொட்டுற மழைகூடப் பரவால்ல பிள்ள. தூத்தல்தான் சனியன். தண்டவாளத்துல இருக்க எண்ணெயும் தூசியும் நனைஞ்சு பசை மாதிரி ஆயிரும். நல்லா பேஞ்சா கழுவிட்டுப் போயிரும். தூத்தல்ல சக்கரம் வழுக்கும், பாத்துக்கோ.”

அன்று ராத்திரி அத்தை எனக்கு மஞ்சள் பத்துப் போட, மாமா எனக்கு வண்டி நிறுத்தச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு பல ராத்திரிகள். நான் ஃபோர்ட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அவர் சொன்னதை நான் காகிதத்தில் போட்டுப் பார்ப்பேன். அது அவருக்கு வேடிக்கையாக இருக்கும்.

முதலில் பலகை. பிளாட்பாரத்தின் முன்முனையில், மோட்டர்மேன் கண்ணுக்குப் படுகிற மாதிரி, 12 அல்லது 15 என்று எண் போட்ட சின்னப் பலகை இருக்கும். நாம் பார்த்திருப்போம், கவனித்திருக்க மாட்டோம். நமக்கு எழுதியதில்லை அது. 12 டப்பா வண்டி என்றால் மோட்டர்மேனின் அறை 12 பலகைக்கு நேரே நிற்கவேண்டும். அவ்வளவுதான் சட்டம். அவர் ஒருவர் அந்த ஒரு பலகைக்கு நேரே நின்றுவிட்டால் பின்னால் இருக்கும் அத்தனை வாசலும் தத்தம் இடத்தில் நின்றுவிடும். லோக்கல் ரேக்கை, அதாவது டப்பாக்கள் கோத்த முழு வண்டியை, திருப்பிப் போடுவது கிடையாது. இரண்டு முனையிலும் ஓட்டுகிற அறை, மோட்டர்மேன்தான் மாறுவார். அதனால் சிஎஸ்எம்டி பக்கத்து டப்பா என்றைக்கும் சிஎஸ்எம்டி பக்கமே இருக்கும். என் தூணுக்கும் லேடீஸ் டப்பாவுக்கும் உள்ள கல்யாணம் அப்படி நிலைத்தது.

ஆபத்து பலகையில் இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட பலகை இருப்பதில்தான். மேற்கு ரயில்வேயில் 2009-லும் மத்திய ரயில்வேயில் 2012-லும் 15 டப்பா வண்டி வந்தது. அதற்கு முன்பு 9 டப்பாவும் 12 டப்பாவும் கலந்து ஓடின. ஹார்பர் லைனில் 2016 வரை 9 டப்பாதான். காலையில் 12 ஓட்டியவர் மத்தியானம் 15 ஓட்டுவார். பழக்க தோஷத்தில் 12 பலகையில் நிறுத்தினார் என்றால் கடைசி மூன்று டப்பா பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்கும். கதவில்லாத வண்டி. இருட்டில் ஒருவர் பிளாட்பாரம் என்று நினைத்துக் காலை வைத்தால் கீழே ஜல்லிக்கல்.

“நீங்க எப்படி ஞாபகம் வச்சுக்கிடுவீங்க?”

“கர்ச்சீப்பு. பதினஞ்சு டப்பான்னா என் பையோட கைப்பிடியில கர்ச்சீப்பைக் கட்டிருவேன். பன்னெண்டுன்னா அவுத்திருவேன். உங்க அத்தை ஒருநாள் அதைத் துவைக்க எடுத்துட்டா. அன்னிக்கு வழி நெடுக வாயால சொல்லிக்கிட்டே போனேன், பதினஞ்சு பதினஞ்சுன்னு.”

ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலையும் நிற்கும் பலகையையும் விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள். அது அங்கே பயிற்சியிலேயே உண்டு. கண்ணும் கையும் வாயும் சேர்ந்து செய்தால் தப்பு குறையும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது மாமா, “அவங்களுக்கும் வீட்ல கர்ச்சீப்பை எடுத்திருப்பாங்க” என்றார்.

இனி பிரேக். இங்கேதான் எனக்குக் காகிதம் தேவைப்பட்டது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் பிளாட்பாரத்துக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் போட்டால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிற்க 174 மீட்டர் ஆகும். அதே பிரேக், வேகம் மட்டும் 65 என்றால் 204 மீட்டர். வேகமானியில் 5 கூடினால் தரையில் 30 மீட்டர் கூடுகிறது. லோக்கலின் ஒரு டப்பா 20 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆக, என் செருப்பைத் தொலைத்த அந்த ஒன்றரை டப்பா, முள் 5 தள்ளி நின்றதன் விலை. அல்லது தூறலின் விலை. காகிதத்தை மாமாவிடம் காட்டினேன். 70 என்றால் 236 மீட்டர் வரும், அதாவது மொத்தப் பிளாட்பாரமும் பிரேக்குக்கே சரியாகப் போய்விடும் என்றேன்.

“இதை நீ பேப்பர்ல பாக்க. நான் இடுப்புல பாத்தேன்” என்றார். நாற்காலி முதுகில் அழுத்துகிற அழுத்தத்தை வைத்தே எவ்வளவு வேகம் குறைகிறது என்று தெரியுமாம்.

ஓட்டுகிற அறையில் ஒரு கை கண்ட்ரோலர் பிடியில். ஓடும்போது அதை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தோ தூங்கியோ கை நழுவினால் வண்டி தானே பிரேக் போட்டு நின்றுவிடும். இன்னொரு கை பிரேக் பிடியில். லோக்கலில் இருப்பது மின்சாரமும் காற்றும் சேர்ந்த பிரேக், பேச்சுவழக்கில் ஈ.பி. வெறும் காற்று பிரேக் என்றால் குழாயில் காற்றழுத்தம் முன்னாலிருந்து பின்னால் வரை குறைந்துகொண்டு போகவேண்டும். முதல் டப்பா பிடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கடைசி டப்பா பிடிக்கும். ஈ.பி.யில் கம்பி வழியாக உத்தரவு போவதால் 12 டப்பாவும் ஒரே நேரத்தில் பிடிக்கும். கொஞ்சம் போடலாம், கொஞ்சம் எடுக்கலாம். அந்தக் ‘கொஞ்சம் எடுக்கிறதில்’தான் தொழில் இருக்கிறது என்பது மாமாவின் கட்சி.

புதிதாக வந்தவன் பிரேக்கைப் பிட்டுப் பிட்டுப் போடுவானாம், பயந்து பயந்து. பிளாட்பாரம் பாதி தாண்டியதும் பலகை அருகில் வந்துவிடும், வேகம் குறைந்திருக்காது, கடைசியில் ஓங்கி ஒரு பிடி. நின்று கொண்டிருக்கிற 5,000 பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். தெரிந்தவன் நுழையும்போதே அழுத்திப் பிடிப்பான். வேகம் விழ விழ, கையைத் தளர்த்திக்கொண்டே வருவான். பலகைக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது பிரேக் ஏறக்குறைய இல்லாமல் இருக்கும். வண்டி தானாக வந்து உட்காரும்.

“நிறைகுடத்தை எறக்கி வைக்கிற மாதிரி, கேட்டியா. தண்ணி தளும்பப்படாது. எங்க அம்மா கெணத்துல இருந்து கொண்டாந்து வைப்பா. ‘ணங்’னு சத்தம் கேட்டா அன்னிக்கு அவளுக்குக் கோவம்னு அர்த்தம்.”

மறுநாளிலிருந்து நான் வண்டி நிற்கிற விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். கம்பியைப் பிடிக்காமல் நிற்பேன் (பிடிக்கத் தேவையில்லை, எட்டு மணி வண்டியில் விழ இடமிருக்காது). சில மோட்டர்மேன்கள் நிஜமாகவே குடத்தை இறக்குகிறார்கள். நின்றதே தெரியாது, வெளியே தூண் அசையாமல் இருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். சிலருக்கு அன்றைக்குக் கோபம்.

குடத்தின் எடையும் தினமும் ஒன்றல்ல. மும்பை லோக்கலின் நெரிசலுக்கு ரயில்வேக்காரர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். தாராவியில் எங்கள் வீட்டு அடுப்படி மூன்று சதுர மீட்டர் இருக்கும். அதில் 45 பேரை நிறுத்திப் பாருங்கள். 5,000 பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 300 டன். காலையில் அத்தனை டன்னோடு சிஎஸ்எம்டி போகிற அதே ரேக் பத்து நிமிஷம் கழித்துக் காலியாகத் திரும்பும். பழைய ரேக்கில் அந்த வித்தியாசம் கையில் தெரியுமாம். போகும்போது பிடித்த இடத்திலேயே வரும்போதும் பிடித்தால் பலகைக்கு எவ்வளவோ முன்னாலேயே நின்று தொலைக்கும். அது தாண்டுவதைவிட அசிங்கம் என்கிறார். பிறகு மறுபடி கொஞ்சம் ஓட்டி, மறுபடி நிறுத்தி, எல்லோரும் சிரிப்பார்கள்.

புதிய ரேக்குகளில் பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்குத் திருப்பி அனுப்பும். அந்தப் பிடி வேகம் இருக்கும்வரைதான். நிற்கப்போகிற நேரத்தில் அது ஓய்ந்து காற்று பிரேக் கைமாற்றி வாங்கிக்கொள்ளும். அந்தக் கைமாற்றம் உடம்பில் ஒரு சின்ன விக்கல் மாதிரி தெரியும். இப்போது எனக்கும் தெரிகிறது. தெரியாமல் இருந்திருக்கலாம், புத்தகம் படிக்க முடியவில்லை.

சரி, எந்த இடத்தில் பிரேக் போட ஆரம்பிப்பது? அதற்குப் பலகை கிடையாது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒவ்வொரு மோட்டர்மேனுக்கும் சொந்த அடையாளம். பூவரசு மரம், நடைபாலத்தின் நிழல், ஒரு சிக்னல் கம்பம், பச்சை வண்ணம் அடித்த மசூதிச் சுவர். ஒரு ஸ்டேஷனுக்கு மாமாவின் அடையாளம் தண்டவாள ஓரத்துக் குடிசை ஒன்றின் மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய். எட்டு வருஷம் அந்த நீலத்தைப் பார்த்துத்தான் பிடித்தாராம். ஒரு மழைக்கு முன்னால் அந்த வீட்டுக்காரர் கறுப்புத் தார்ப்பாய் வாங்கிப் போட்டுவிட்டார்.

“அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே! எறங்கிப் போயி, ஐயா, நீலத்தையே போடுங்கன்னு சொல்லலாமான்னு இருந்துச்சு.”

அந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா, தன் கூரையைப் பார்த்து ஒரு ரயில் நின்றது என்று? என் தூணைப் பற்றி யோசித்தேன். நான் நோட்டீஸைப் பார்த்து நிற்கிறேன். என் வண்டியை ஓட்டுகிற யாரோ ஒரு மோட்டர்மேன் ஏதோ ஒரு தார்ப்பாயைப் பார்த்து நிறுத்துகிறார். நடுவில் 12 என்று ஒரு பலகை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, 11 வருஷமாக ஒரு சாண் பிசகாமல் சந்தித்துக்கொண்டிருக்கிறோம். 2024 ஆகஸ்டில் சயான் பழைய பாலத்தை இடிப்பதற்காக மூடினார்கள். நாங்கள் எல்லாம் சுற்றிப் போவதைப் பற்றிப் புலம்பினோம். எத்தனை மோட்டர்மேன்களின் பிரேக் அந்தப் பாலத்தில் கட்டியிருந்ததோ.

நின்ற பிறகு நடப்பது மோட்டர்மேன் கையில் இல்லை. அவருக்கு வாசல் ஒன்றும் தெரியாது. கடைசி டப்பாவில் இருக்கும் கார்டுதான் (இப்போது பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றியிருக்கிறார்கள், யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை) எட்டிப் பார்த்து மணி அடிப்பார். இரண்டு மணி என்றால் கிளம்பு. ஒரு மணி என்றால் நிறுத்து. ஒரு ஸ்டேஷனில் அரை நிமிஷம்கூட முழுதாகக் கிடைக்காது. பின்னால் அடுத்த வண்டி மூன்று, நான்கு நிமிஷத்தில் வந்துகொண்டிருக்கும். தாண்டிவிட்டால் சட்டென்று பின்னால் தள்ளிக்கொள்ளவும் முடியாது. ஓட்டுகிறவருக்கு முதுகில் கண் இல்லை. அதனால்தான் அன்றைக்கு எங்களை ஓட விட்டார்கள்.

மாமாவும் தாண்டியிருக்கிறார். ஒரே ஒரு தடவை, அரை டப்பா. அதைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. தண்டவாளத்தில் குறுக்கே விழுந்தவர்களைப் பற்றி அவர் பேசுவதே இல்லை, அது வேறு; அதை நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் இந்த அரை டப்பாவைச் சொல்லவே அவருக்கு வெட்கமாக இருந்தது. மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

“எவ்வளவு தாண்டிச்சுன்னு எழுதுனீங்க?”

“எவ்வளவு தாண்டிச்சோ அவ்வளவு. கொறச்சு எழுதலாம்னு கை வந்துச்சு. கார்டு பாத்துட்டாரே!” சிரித்தார்.

அவருக்கு நான் அமாகாசாகி கதையைச் சொன்னது அன்றுதான். ஜப்பான், 2005 ஏப்ரல் 25. 23 வயது ஓட்டுநர். இதாமி என்ற ஸ்டேஷனில் பலகையைத் தாண்டிக் கிட்டத்தட்ட 70 மீட்டர் போய் நின்றார். பின்னால் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது ஒன்றரை நிமிஷம் தாமதம். தாண்டியதைக் குறைத்துச் சொல்லும்படி கார்டிடம் இன்டர்காமில் கேட்டார். கார்டும் கட்டுப்பாட்டு அறைக்கு 8 மீட்டர் என்று சொன்னார். அந்த நிறுவனத்தில் தப்பு செய்த ஓட்டுநர்களை ‘மறுபயிற்சி’ என்ற பெயரில் நாள்கணக்காக உட்கார வைத்து அறிக்கை எழுதச் சொல்வார்கள், புல் பிடுங்கச் சொல்வார்கள். இந்த ஓட்டுநர் ஏற்கெனவே ஒருமுறை அதை அனுபவித்தவர். கார்டு ரேடியோவில் என்ன சொல்கிறார் என்பதில் அவர் கவனம் இருந்திருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை. 70 கிலோமீட்டரில் போகவேண்டிய வளைவில் வண்டி 116-இல் நுழைந்தது. தண்டவாளத்தை விட்டு விலகி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. அவரையும் சேர்த்து 107 பேர்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அத்தை வந்து சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் சொன்னார்:

“தாண்டுனதுல சாகல பிள்ள. எவ்வளவு தாண்டுச்சுன்னு எப்படிச் சொல்றதுங்கிற யோசனையில செத்திருக்கான்.”

செருப்பு தொலைந்த அன்றைக்குத் திட்டிய திட்டுகளில் பாதியை மனசுக்குள் வாபஸ் வாங்கினேன். மீதிப் பாதி முழங்காலுக்கானது, அது இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்யத் தேவையில்லாத வண்டி இப்போது எங்கள் காலடியிலேயே ஓடுகிறது. மெட்ரோ 3, அக்வா லைன். 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பிகேசி (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) வரை வந்தது, 2025 மே மாதம் தாராவியைத் தாண்டியது, அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்தது. தாராவிக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷன்! என் பாட்டி இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். அங்கே பிளாட்பாரத்தின் விளிம்பில் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடிச் சுவர். சுவரில் கதவு. வண்டியின் கதவும் சுவரின் கதவும் நேருக்கு நேர் நின்றால்தான் இரண்டும் திறக்கும். தூண் வேண்டாம், உடைந்த ஓடு வேண்டாம். கதவு எங்கே என்று தரையிலேயே அம்பு போட்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் அது எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று வண்டி எண்ணிக்கொண்டே வரும். ஆனால் சக்கரம் தேயும், வழுக்கும். கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே ஆங்காங்கே சின்னப் பெட்டிகள் பதித்திருக்கிறார்கள். வண்டி அதைக் கடக்கும்போது ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று அது சொல்லும். வண்டி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

“தார்ப்பா” என்றார் மாமா. “அவனுக்கும் தார்ப்பா போட்டு வச்சிருக்காங்க. யாரும் மாத்த மாட்டாங்க, அவ்வளவுதான்.”

வண்டியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு ஸ்டேஷன் நெருங்கும்போதும் அவருடைய வலது கை, மணிக்கட்டு அளவில், காற்றில் லேசாகத் திரும்பியது. எதிரே இருந்த பையன் பயந்து வேறு பக்கம் பார்த்தான். ஷீதலாதேவி, தாதர், சித்திவிநாயக். வொர்லி வந்தபோது கண்ணைத் திறந்தார்.

“கைக்குக் குத்தமில்ல. ஆனா இவன் முன்னாடியே பிடிக்கான், பாத்தியா? நான்னா இன்னும் ரெண்டு டப்பா உள்ள விட்டுத்தான் பிடிப்பேன். பயந்தாங்கொள்ளி.”

“தண்ணி தளும்பலையே மாமா.”

“தளும்பல” என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

சிஎஸ்எம்டியில் இறங்கி மேலே வந்தோம். திரும்பும்போது லோக்கலில்தான் வருவேன் என்று பிடிவாதம். மத்தியானம், மெகா பிளாக் (ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்பு), வண்டிகள் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தன. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி இதே இடத்திலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் கிளம்பியது. அது நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வண்டி இன்னும் நேரத்துக்கு வரவில்லை. முதல் டப்பாவுக்கு நடக்கலாம் என்றார். அந்தப் பிளாட்பாரத்தின் அந்தக் கோடி வரை நடந்தோம். ஓட்டுகிற அறையைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன், ஓட்டுவது பெண்ணாக இருக்குமா என்று ஒரு ஆசை. சுரேகா யாதவ் 2000-லேயே இங்கே லேடீஸ் ஸ்பெஷல் ஓட்டிவிட்டார். ஆனால் அன்றைக்கு ஒரு மீசைக்காரப் பையன்தான், டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

மாமா வழி முழுக்க வாசலில் நின்றார். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏதோ முனகினார். மதிப்பெண் போடுகிறார் என்று நினைக்கிறேன். சயானில் இறங்கினோம். இறங்கியதும் அவர் முன்னால் நடந்தார், வேகமாக, எழுபதை நெருங்குகிற ஆள். ஓட்டுகிற அறையின் ஜன்னலும் 12 என்று எழுதிய பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான்.

உள்ளே அந்தப் பையன் எங்களைப் பார்க்கவில்லை. முன்னால் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இரண்டு மணி கேட்டது. வண்டி கிளம்பியது. மாமா கடைசி டப்பா போகும்வரை நின்றார், கார்டு எங்களைப் பார்த்ததும் மாமா கையைப் பாதி தூக்கினார், கார்டும் என்னவென்று தெரியாமலே பாதி தூக்கினார்.

“ஒரு முழம்” என்றேன்.

“முக்கால் முழம்” என்றார். “வா, உங்க அத்தை உளுந்து வாங்கிட்டு வரச் சொன்னா.”